நச்சு மரபணு ஒப்பீட்டில் சறுக்கும் இடங்கள்

செடிகளைத் தாக்கும் பாக்டீரியாக்களின் மரபணுத்தொகுதிகளை ஒப்பிட்டு முடித்தால், கடைசியில் கையில் இருப்பது ஓர் அட்டவணை. ஒரு பக்கம் திரிபுகள் (ஒரே பாக்டீரியா இனத்தின் வெவ்வேறு வகைகள்), மேலே நச்சுகள், கட்டங்களில் 'உண்டு' அல்லது 'இல்லை'. தவறுகள் பெரும்பாலும் இந்த இரண்டு சொற்களில்தான் நுழைகின்றன.

அதிகம் ஏமாற்றுவது 'இல்லை'. சூடோமோனாஸ் சிரிஞ்சே என்ற பாக்டீரியாவின் சில திரிபுகள் தயாரிக்கும் சிரிங்கோபெப்டின் என்ற நச்சை எடுத்துக்கொள்வோம். அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகக் கோத்து அதை உருவாக்கும் நொதிகளுக்கு மூன்று மரபணுக்கள். மூன்றும் சேர்ந்தால் 70,000 டிஎன்ஏ எழுத்துகளுக்கு மேல். உள்ளே ஒன்றைப்போலவே இன்னொன்றாகப் பல பகுதிகள் திரும்பத் திரும்ப வரும். வரிசைப்படுத்தும் கருவி தரும் 150 எழுத்துத் துணுக்குகளை வைத்து இதை ஒட்டப்பார்த்தால், எந்தத் துணுக்கு எந்தப் பகுதிக்கு உரியது என்று மென்பொருளால் பிரித்தறிய முடியாது. மரபணு பல காண்டிக்குகளில் (துணுக்குகளை ஒட்டிக் கிடைக்கும் தொடர்ச்சியான துண்டுகளில்) சிதறிவிடும். அப்புறம் 'நீளத்தில் 80 சதவீதம் பொருந்த வேண்டும்' என்று வடிகட்டினால், இருக்கிற மரபணுவே காணாமல் போகும். அதனால் 'இல்லை' என்று எழுதுமுன் காண்டிக்குகளின் ஓரங்களைத் திறந்து பாருங்கள். முறிந்த பாதி அங்கே நிற்கக்கூடும். சந்தேகம் தீராவிட்டால், நீண்ட துணுக்குகளைப் படிக்கும் முறையில் அந்தத் திரிபை மறுபடி வரிசைப்படுத்துவதுதான் சரி.

சரி, 'உண்டு' என்றால்? மரபணு இருக்கிறது, அவ்வளவுதான். பீன்ஸ் இலையில் சின்னப் புள்ளியும் அதைச் சுற்றி வெளிர்மஞ்சள் வளையமும் தெரியும் நோயில், அந்த மஞ்சளுக்குக் காரணம் பேசியோலோடாக்சின் என்ற நச்சு. செடி ஆர்ஜினின் தயாரிப்பதை அது தடுக்கிறது. 18 டிகிரி செல்சியஸில் பாக்டீரியா இதை நன்றாகத் தயாரிக்கும். 28 டிகிரியில் தயாரிக்காது. மரபணு என்னவோ இரண்டிலும் அதேதான். இந்த நச்சின் மரபணுக்கள் அறவே இல்லாத திரிபுகளும் அதே நோயை உண்டாக்குவதை ஸ்பெயினில் கண்டார்கள். நச்சு மரபணுவை மட்டும் தேடும் சோதனையில் அவை தப்பிவிடும்.

'நச்சு' என்ற பெயரை மட்டும் தேடி எண்ணுவது இன்னொரு தவறு. நச்சு-முறிநச்சு இணைகள் ஏராளமாக வந்து விழும். அவற்றில் உள்ள நச்சு பாக்டீரியாவின் சொந்தச் செல்லுக்குள்ளேயே வேலை செய்வது, இலையைக் கருக்குவதல்ல. இன்னும் சில, அக்கம்பக்கத்துப் பாக்டீரியாக்களைக் கொல்ல வைத்திருப்பவை. இவற்றையும் சேர்த்து எண்ணி 'இந்தத் திரிபு அதிக வீரியமானது' என்று எழுதுவது செடியைப் பற்றிய தவறான செய்தி.

நச்சு மரபணுவை வைத்து வம்சமரம் வரைய வேண்டாம். கொரோனடைன் என்ற நச்சுக்கான மரபணுக்கள் தக்காளியைத் தாக்கும் டிசி3000 திரிபில் குரோமோசோமில் இருக்கின்றன. சோயாவைத் தாக்கும் பிஜி4180 திரிபிலோ பிளாஸ்மிடில், அதாவது குரோமோசோமுக்கு வெளியே தனியாக இருக்கும் சிறு டிஎன்ஏவில். இப்படி இடம் மாறித் திரியும் மரபணுக்கள் தங்கள் பயணத்தைச் சொல்லுமே தவிர, பாக்டீரியாவின் பரம்பரையைச் சொல்லாது. மரத்துக்கு எல்லாத் திரிபுகளிலும் பொதுவாக உள்ள மரபணுக்களை எடுங்கள். நச்சுகளை அதன் மேல் குறித்துக்கொள்ளலாம்.

அந்த மரம் இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கும். ஒரே நோய்ப்பரவலில் எடுத்த 40 மாதிரிகள் அதில் ஒரே கிளையில் ஒட்டிக்கொண்டு நிற்கும். எத்தனை சதவீதத் திரிபுகளில் ஒரு நச்சு உண்டு என்று கணக்குப் போடும்போது அவற்றை நாற்பதாக எண்ணாமல் ஒன்றாக எண்ணுங்கள்.