பெயரில்லாக் கலம்: வனைந்தவரையும் காலத்தையும் அறியும் முறை

தொழிற்சாலை அச்சில் வார்க்காமல், ஒருவரோ ஒரு சிறு பட்டறையோ கையால் வனைந்து, சூட்டில் கண்ணாடிபோல் உருகிப் படியும் பூச்சான மெருகை ஊட்டி, தம் சூளையிலேயே சுட்டெடுக்கும் கலங்களை ஸ்டூடியோ மட்பாண்டம் என்கிறோம். அவற்றுள் கணிசமானவை யார் செய்தது, எப்போது செய்தது என்ற விவரம் எதுவுமின்றியே கைமாறிக் கைமாறி வருகின்றன. அப்படி ஒன்று கிடைத்தவுடன் எவரும் அதைக் கவிழ்த்து அடியில் முத்திரையைத்தான் தேடுவார்கள். அந்த ஆவலைச் சற்று அடக்கிக்கொள்வது நல்லது. இரண்டு எழுத்துகள் கண்ணில் பட்டுவிட்டால் அவற்றுக்குப் பொருந்தும் புகழ்பெற்ற பெயர் ஒன்று மனத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும்; அதன்பின் மண்ணும் மெருகும் என்ன சொன்னாலும் அந்தப் பெயருக்குச் சாதகமாகவே காதில் விழும். ஆகவே முத்திரையைக் கடைசிச் சாட்சியாக நிறுத்திவிட்டு, மண், அடிப்பாகம், மெருகு ஆகியவற்றை முதலில் விசாரிக்க வேண்டும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், ஒரு கைவிளக்கு, வெர்னியர் அளவி, மென்மையான பென்சில், மெல்லிய தாள் ஆகியவை போதும். புறஊதா விளக்கும் இருந்தால் இன்னும் நல்லது.

மண்ணைப் பார்க்க மெருகு படாத இடம் வேண்டும். பெரும்பாலும் அது கலம் தரையில் நிற்கும் அடிவளையமாக இருக்கும். அங்கே ஒரு சொட்டு நீர் விட்டுப் பாருங்கள். நீர் உடனே உறிஞ்சப்பட்டால், அது ஏறத்தாழ 1000 முதல் 1150 டிகிரி செல்சியஸ் வரையிலான சூட்டில் வெந்த சாதாரணச் சுடுமண்ணாக இருக்கும். நீர் முத்தாக நின்றால், 1200 முதல் 1300 டிகிரியில் வெந்து இறுகிய ஸ்டோன்வேர் அல்லது பீங்கான் என்று கொள்ளலாம். அவற்றுள் பீங்கானின் மெல்லிய விளிம்பு விளக்கொளியைக் கடத்தும். அடுத்து, சூளைக்குள் காற்று எப்படி இருந்தது என்று பாருங்கள். ஆக்சிஜனைக் குறைத்துச் சுட்ட ஸ்டோன்வேரின் மண் உட்புறம் சாம்பல் நிறமாகவும், அடிவளையம் தீய்ந்த ஆரஞ்சுப் பழுப்பாகவும் இருக்கும். மண்ணிலுள்ள இரும்புத் துகள்கள் மெருகைத் துளைத்துக்கொண்டு கரும்புள்ளிகளாக மேலே வந்திருக்கும். மின்சூளையில் சுட்ட மண்ணோ பெரும்பாலும் வெளிர்மஞ்சளாகவோ தந்த நிறமாகவோ சீராக இருக்கும். 1938இல் வியன்னாவிலிருந்து லண்டனுக்கு வந்த மட்பாண்டக் கலைஞர் லூசி ரீ அங்கே ஸ்டோன்வேரைச் சுட்டது மின்சூளையில்தான். எனவே அவருடைய எல், ஆர் எழுத்துகள் பதிந்த கலத்தின் மண், விறகுச் சூளையின் புகையில் வெந்ததுபோல் தோன்றினால் எழுத்துகளைவிட மண்ணையே நம்ப வேண்டும்.

மண் முத்திரையைத் திருத்தும் இன்னோர் இடம் இங்கிலாந்தின் வின்ச்கூம் பட்டறை. மைக்கேல் கார்டியூ 1926இல் அதைத் தொடங்கி, செம்மண்ணில் குழம்புக் களிமண் பூசிய சுடுமண் கலங்களைச் செய்தார். அவர் 1939இல் விலகிய பின் ரே ஃபின்ச் பொறுப்பேற்றார். 1950களில்தான் அப்பட்டறை ஸ்டோன்வேர் பக்கம் திரும்பியது. பட்டறை முத்திரை தொடர்ந்து வழங்கி வந்ததால், முத்திரையை மட்டும் பார்ப்பவர் ஒரு ஸ்டோன்வேர் குவளையைக் கார்டியூ காலத்தது என்று தவறாக நினைக்கக்கூடும். நீர்ச்சொட்டு ஒன்றே இந்தக் குழப்பத்தைத் தீர்த்துவிடும்.

அடிப்பாகத்துக்கு நான் அதிக நேரம் ஒதுக்குவேன், பிறரும் அப்படிச் செய்ய வேண்டும் என்றும் சொல்வேன். வனைபவர் மேற்புற அலங்காரத்தை மனநிலைக்கேற்ப மாற்றிக்கொள்வார். ஆனால் கலத்தைத் திருப்பி வைத்து அடியைச் சீவும்போது கை பழக்கத்தின்படியே ஓடும். அடிவளையத்தின் குறுக்குவெட்டு சதுரமா, உட்புறம் சரிந்ததா, வெளிவிளிம்பில் ஒரு சிறு சரிவு வெட்டப்பட்டிருக்கிறதா, நடுவில் ஒரு சுழிக்கூம்பு விடப்பட்டிருக்கிறதா என்பவற்றை அளந்து வரைந்து வையுங்கள். அடி சீவப்படாமல் கம்பியால் அறுத்தபடியே விடப்பட்டிருந்தால், அந்த அறுப்பின் தடமும் பேசும்: நின்றிருந்த சக்கரத்தில் அறுத்தால் இணைகோடுகள் விழும், மெல்லச் சுழலும் சக்கரத்தில் அறுத்தால் சிப்பி ஓட்டின் வரிகள்போல் வளைகோடுகள் ஒரு பக்கமாகக் குவியும். மெருகில் தோய்க்கும்போது கலத்தை எங்கே பிடித்தார்கள் என்பதற்கு விரல் தடங்கள் சாட்சியாக இருக்கும். அடியில் மூன்று சிறு முள் வடுக்கள் இருந்தால், மெருகு அடிவரை பூசப்பட்டு, கலம் முக்காலித் தாங்கியின் மீது நின்று வெந்தது என்று பொருள். இது தாழ்ந்த சூட்டுச் சுடுமண்ணில்தான் பெரிதும் காணப்படும்.

கலத்தின் உள்ளே விரல்கள் விட்ட வரிகளைக் கொண்டு சக்கரம் சுழன்ற திசையையும் அறியலாம். மேலிருந்து பார்த்தபடி, அடியின் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி அந்த வரியை விரலால் தொடருங்கள். அது வலஞ்சுழியாக ஏறினால் சக்கரம் இடஞ்சுழியாகச் சுழன்றிருக்கிறது; இடஞ்சுழியாக ஏறினால் சக்கரம் வலஞ்சுழி. ஐரோப்பிய, அமெரிக்கப் பட்டறைகளில் சக்கரம் பொதுவாக இடஞ்சுழியாகவும், ஜப்பானிய மரபில் வலஞ்சுழியாகவும் சுழலும். ஜப்பானில் பயின்ற மேலைநாட்டினரும், இடக்கைப் பழக்கம் உள்ளவர்களும் இந்தப் பொதுவிதியை மீறுவார்கள் என்பதால் இதை மட்டும் கொண்டு முடிவு கட்டிவிட முடியாது.

மெருகைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை அவசியம். நுண்விரிசல் வலை படர்ந்திருப்பது பழமையின் அடையாளம் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு, அது சரியல்ல. சூடு ஆறும்போது மெருகு மண்ணைவிட அதிகமாகச் சுருங்கினால், சூளையிலிருந்து எடுத்த அன்றே விரிசல் விழும். காலத்தை உணர்த்துவது தேய்மானம்தான். உண்மையாகப் புழங்கிய கலத்தின் அடியில் கீறல்கள் பல திசைகளிலும் ஓடும், தரையைத் தொடும் மேடுகளில் மட்டும் வழவழப்பு ஏறியிருக்கும். உப்புத்தாள் தேய்த்துப் பழமையூட்டிய அடியில் கீறல்கள் ஒரே திசையில் இருக்கும், தரை தொடாத பள்ளங்களும் தேய்ந்திருக்கும். விரிசலில் ஊறிய கறைகூட நடுவிலும் விளிம்பிலும் ஒரே அடர்த்தியில் இருந்தால், அது வேண்டுமென்றே ஏற்றப்பட்டதோ என்று ஐயப்பட வேண்டும்.

இப்போது முத்திரைக்கு வரலாம். விளக்கைத் தரையோடு தரையாகச் சாய்த்துப் பிடித்தால், மெருகு மூடிய பதிவும் நிழலால் எழும்பித் தெரியும். மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தும் எடுக்கலாம். எடுத்த உருவைத் தலைகீழாகவும் பக்கவாட்டாகவும் திருப்பிப் பாருங்கள், எது மேற்பக்கம் என்பதை முத்திரை தானாகச் சொல்லாது. எழுத்துகள் எந்த மொழியில் இருக்கின்றனவோ அந்த நாட்டில்தான் கலம் செய்யப்பட்டது என்றும் கொள்ள வேண்டாம். கார்டியூ நைஜீரியாவின் அபுஜாவில் 1950களின் தொடக்கத்தில் அமைத்த பயிற்சிப் பட்டறையின் முத்திரை அரபு எழுத்தில் இருக்கும்; அதைக் கண்டு மேற்காசியாவில் தேடுபவருக்கு எதுவும் கிடைக்காது.

பட்டறை முத்திரையும் தனிநபர் முத்திரையும் வெவ்வேறு சாட்சிகள் என்பதை மறக்கக் கூடாது. பெர்னார்ட் லீச், ஹமாடா ஷோஜியுடன் சேர்ந்து 1920இல் இங்கிலாந்தின் செயின்ட் ஐவ்ஸில் தொடங்கிய பட்டறையின் முத்திரையில், எஸ், ஐ எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்றாகவும் இருபுறம் இரு புள்ளிகளுடனும் இருக்கும். அது மட்டும் இருந்தால் பட்டறையினர் பலரும் சேர்ந்து செய்த அன்றாடப் புழக்கப் பாண்டமாகவே பெரும்பாலும் இருக்கும். அருகே லீச்சின் பி, எல் எழுத்துகளும் பதிந்திருந்தால்தான் அவருடைய கை என்று பேசத் தொடங்கலாம். அதேபோல், 1946இல் லூசி ரீயின் பட்டறையில் சேர்ந்த ஹான்ஸ் கோப்பரின் முத்திரையும் ரீயின் முத்திரையும் ஒரே கலத்தில் சேர்ந்திருந்தால், அவர்கள் ஒன்றாக உழைத்த காலம் வெளிப்படும். ரீ வியன்னாவில் செய்தவற்றில் ஊர்ப்பெயருடன் கூடிய கையெழுத்து தூரிகையால் எழுதப்பட்டிருக்கும். அது ஒன்றே கலத்தை 1938க்கு முன்னால் கொண்டுபோய்விடும்.

சில பட்டறைகள் ஆண்டையே முத்திரையில் வைத்து நம் வேலையைக் குறைத்துவிட்டன. அமெரிக்காவின் சின்சினாட்டியில் 1880இல் தொடங்கிய ரூக்வுட் பட்டறை, 1886இல் ஆர், பி எழுத்துகளை முதுகோடு முதுகு ஒட்டிய முத்திரையை ஏற்றது. மறு ஆண்டு முதல் அதன்மேல் ஆண்டுக்கொரு தீச்சுடரைச் சேர்த்துக்கொண்டே வந்தது. 1900இல் சுடர்கள் பதினான்கு ஆனபின், 1901 முதல் அடியில் ரோமன் எண் இடப்பட்டது. இத்தகைய தயவு கிடைக்காத இடங்களில், கலத்திலுள்ள மிகப் புதிய கூறே அதன் காலத்தின் முன்னெல்லை என்ற விதியைக் கைக்கொள்ளுங்கள். அடியில் இணையதள முகவரி பதிந்த குவளை, வடிவத்தில் எவ்வளவு பழமையாகத் தோன்றினாலும், 1990களுக்கு முந்தியதாக இருக்க முடியாது.

முத்திரையே இல்லாததும் ஒரு தகவல்தான். இங்கிலாந்திலிருந்து ஜப்பான் திரும்பிய ஹமாடாவும், அவர் நண்பர் கவாய் கான்ஜிரோவும் தம் கலங்களில் கையொப்பம் இடவில்லை. கலத்துக்கென்று செய்த மரப்பெட்டியின் மூடியிலேயே எழுதினார்கள். பெட்டி கலத்தைவிட எளிதாக இடம் மாறும் என்பதால், உள்ளளவு கலத்துக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறதா, பெட்டியின் தளத்தில் பதிந்த வட்டத்தடமும் அடிவளையமும் ஒரே விட்டமா என்று அளந்து பார்க்க வேண்டும்.

போலிகளும் உண்டு. 1980களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் சிறைச்சாலை ஒன்றில் மட்பாண்ட வகுப்புக்குப் போன கைதிகள் லீச்சின் பெயரில் கலங்களைச் செய்ய, அவை ஏலம் வரை போயின. பயிற்சி பலித்தது என்றுதான் சொல்ல வேண்டும். முத்திரைப் போலிக்கு எதிராக நம்மிடமுள்ள நல்ல ஆயுதம் வெர்னியர் அளவி. ஸ்டோன்வேர் மண் காய்ந்து வெந்து முடிக்கையில் பொதுவாகப் பத்து சதவீதத்துக்கும் சற்று மேல் சுருங்கும். அசல் கலத்தின் முத்திரையிலிருந்து அச்செடுத்துப் புதிய மண்ணில் பதித்தால், அந்தப் பதிவு மறுபடியும் ஒருமுறை சுருங்கும். ஆகவே 10 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய முத்திரை 9 மில்லிமீட்டருக்கும் குறைவாக நிற்கும். ஒரே பட்டறை காலப்போக்கில் பல முத்திரைக் கட்டைகளைச் செய்திருக்கும் என்பதால், காலம் உறுதியான கலங்கள் பலவற்றின் அளவுகளோடு ஒப்பிட்ட பிறகே குற்றம் சாட்ட வேண்டும்.

சுட்ட மண்ணைச் சூடாக்கி, அது வெளியிடும் ஒளியைக் கொண்டு வயதைக் கணிக்கும் ஆய்வகத்தின் வெப்ப ஒளிர்வுச் சோதனை பண்டைய கலத்தைப் புதியதிலிருந்து பிரிக்க உதவும். ஆனால் அதன் பிழை இருபது சதவீதம் அளவுக்கு இருக்கக்கூடும், மண்ணைத் துளைத்து மாதிரியும் எடுக்க வேண்டும். ஓர் இருபதாம் நூற்றாண்டுக் கலம் 1930களதா 1960களதா என்ற கேள்விக்கு அதை நாடுவது வீண் செலவு. புறஊதா விளக்கு அதைவிடப் பயன்படும்: ஒட்டிச் சாயம் பூசிய இடம் பெரும்பாலும் வேறு நிறத்தில் ஒளிரும்.

கடைசியில் ஒப்பீடு. லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகம், யார்க் கலைக்கூடம், ஃபார்ன்ஹாமிலுள்ள கிராஃப்ட்ஸ் ஸ்டடி சென்டர் போன்ற இடங்களின் தொகுப்புகளில், வரலாறு உறுதியான கலங்களோடு ஒப்பிடுங்கள். முடிந்தால் கையில் எடுத்துப் பார்க்க அனுமதி கேளுங்கள், எடையைப் படம் காட்டாது. ஏல அறிவிப்புகளில் காணும் பெயர்களை ஆதாரமாகக் கொள்ள வேண்டாம், ஒரு பட்டியலில் விழுந்த ஊகம் அடுத்த பட்டியலில் உண்மையாக அச்சேறுவது வழக்கம். முடிவை எழுதும்போது 'இன்னார் செய்தது', 'இன்னார் செய்ததாகக் கருதப்படுவது', 'இன்னார் பட்டறையைச் சேர்ந்தது', 'இன்னார் பாணியிலானது' என்ற நான்கையும் ஒன்றோடொன்று கலக்காதீர்கள். காலத்தை ஒற்றை ஆண்டாக எழுதாமல் இரு எல்லைகளாக எழுதி, ஒவ்வோர் எல்லைக்கும் எந்தக் கூறு காரணம் என்பதையும், பரிசீலித்து விலக்கிய பெயர்களை எதனால் விலக்கினீர்கள் என்பதையும் அடியின் அளவு வரைபடத்தோடு சேர்த்து வையுங்கள். கலத்தில் பழைய தாள் ஒட்டு ஏதேனும் இருந்தால் அதன் படத்தை எடுத்து முடிக்கும்வரை கழுவாதீர்கள்.