குடல் புற்றுநோய் அபாயம் குறைய: பெண்கள் தட்டில் எதை மாற்றலாம்?

குடலில் அழற்சி நீடித்தால் செல்கள் சிதைந்து சிதைந்து புதிதாகும். அப்போது மரபணுவில் பிழை புகுந்து புற்றுநோயாக மாற வாய்ப்பு கூடும். முதலில் நிறுத்த வேண்டியது சாசேஜ், சலாமி, பேக்கன் போன்ற பதப்படுத்திய இறைச்சி. தினமும் 50 கிராம் தின்றால் அபாயம் சுமார் 18% உயரும் என்று 2015இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அறிவித்தது. ஆட்டுக்கறி, மாட்டுக்கறி வாரம் அரை கிலோவைத் தாண்ட வேண்டாம்.

நார்ச்சத்து நாளுக்கு 30 கிராம் தேவை. இரவு ஊறவைத்து வேகவைத்த கொண்டைக்கடலை ஒரு கப்பில் சுமார் 12 கிராம் இருக்கிறது. எடுத்தவுடன் ஒரு கப் சாப்பிட்டால் வயிறு உப்பும். பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள். கால் கப்பில் தொடங்கி மூன்று வாரத்தில் கூட்டுங்கள். தண்ணீரையும் கூட்டாவிட்டால் மலச்சிக்கல்தான்.

ரத்தசோகை வந்தால் மாதவிடாய்தான் காரணம் என்று விட்டுவிடாதீர்கள்; அது குடல் புற்றுநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். மலத்தில் ரத்தம் கண்டால், மூலம் என்று நீங்களே முடிவுகட்டாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.