கிணற்றடியில் எழுந்த நகரங்கள்: மதுரையிலிருந்து மாயர் நாட்டுக்குப் போவோருக்கு

மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் வளர்ந்தவர்களில் பலர் நீச்சலைக் கிணற்றில்தான் பழகியிருப்பார்கள். நாகமலை அடிவாரத்துத் தோட்டக் கிணறு ஒன்றில், இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டி என் தாய்மாமா என்னை இறக்கிவிட்ட நாள் எனக்கு இன்றும் நினைவில் இருக்கிறது. அப்படிக் கிணற்று நீரோடு பழகியவர்களுக்கு மெக்சிகோ செல்லும் வாய்ப்புக் கிடைத்தால், கான்குன் கடற்கரையோடு திரும்பிவிடாமல், யுகட்டான் தீபகற்பத்தில் அந்த மண்ணின் தொல்குடிகளான மாயர்கள் கட்டிய பழைய நகரங்களையும், அந்த நகரங்களுக்குத் தண்ணீர் கொடுத்த நிலத்தடிக் குகைக் குளங்களையும் சேர்த்தே பார்த்து வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். சுற்றுலா நடத்துவோர் இவ்விரண்டையும் தனித்தனியாக விற்கிறார்கள். உண்மையில் ஒன்றில்லாமல் மற்றொன்று விளங்காது. அந்நகரங்களில் ஒன்றான சிச்சேன் இட்சாவின் பெயருக்கே 'இட்சா மக்களின் கிணற்று வாய்' என்பதுதான் பொருள்.

அங்குள்ள நிலத்தின் தன்மையை முதலில் அறிந்துகொண்டால் பயணத்தைத் திட்டமிடுவது எளிதாகும். நம் பக்கத்து நிலம் கருங்கல் பாறையால் ஆனது. அதில் வெடி வைத்துக் கிணறு தோண்டினாலும் பாறை இடுக்குகளில் கசியும் ஊற்றைத்தான் நம்பியிருக்க வேண்டும். யுகட்டானின் அடித்தளமோ முழுவதும் சுண்ணாம்புக்கல். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை ஏற்றுச் சிறிது அமிலத்தன்மை பெறுகிறது. அந்த நீர் பல்லாயிரம் ஆண்டுகளாகச் சுண்ணாம்புக்கல்லைக் கரைத்து, தரைக்கடியில் குகைகளையும் நீர் ஓடும் சுரங்கங்களையும் உண்டாக்கியிருக்கிறது. அதனால் தீபகற்பத்தின் வடபகுதியில் தரைமேல் ஓடும் ஆறு என்று ஒன்றும் இல்லை. குகையின் கூரை இடிந்து விழுந்த இடத்தில் கிணறு போன்ற பள்ளம் திறந்துகொள்கிறது. மாயர் மொழியில் 'ட்சொனோட்' எனப்பட்ட இது, ஸ்பானியர் வாயில் 'செனோட்டே' ஆயிற்று. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் சிக்சுலூப் என்னும் இடத்தில் விழுந்த விண்கல் ஏற்படுத்திய பெரும்பள்ளத்தின் விளிம்பை ஒட்டியும் இத்தகைய குளங்கள் மெரிதா நகருக்கு வெளியே பிறை போல வரிசையாக அமைந்திருக்கின்றன.

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் மெக்சிகோ விசாவுக்கு அந்நாட்டுத் தூதரகம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஜப்பான் அல்லது ஷெங்கன் நாடுகளின் செல்லுபடியாகும் விசா கையில் இருந்தால் தனி விசா தேவையில்லை என்ற சலுகை உண்டு. ஆயினும் இத்தகைய விதிகள் மாறக்கூடியவை என்பதால், விமானச் சீட்டு எடுப்பதற்கு முன் தூதரகத்தின் இணையதளத்தைப் பார்த்துவிடுங்கள். அமெரிக்க விமான நிலையத்தில் விமானம் மாறுவதற்குக்கூட அமெரிக்க விசா வேண்டும் என்பதை மறக்காதீர்கள். அந்த விசா இல்லாதவர்களுக்கு ஐரோப்பா வழியாகச் செல்வதே ஏற்றது.

காலத்தைப் பொறுத்தவரை, பிள்ளைகளின் மே மாத விடுமுறையை நான் பரிந்துரைக்க மாட்டேன். அங்கும் ஏப்ரலும் மேயும்தான் வெயில் கொளுத்தும் மாதங்கள். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம். பொங்கலை ஒட்டிய நாட்கள் மிகவும் நல்லவை. வானம் தெளிவாக இருக்கும், வெயிலும் தாங்கக்கூடியதாக இருக்கும்.

தங்குமிடமாகக் கான்குனைத் தேர்ந்தெடுப்பவர்களே மிகுதி. அங்கிருந்து சிச்சேன் இட்சா ஏறக்குறைய 200 கிலோமீட்டர். நீங்கள் போய்ச் சேரும்போது நடுப்பகலாகிவிடும், கூட்டமும் சேர்ந்துவிடும். அதற்குப் பதிலாக வயதோலித் என்ற சிறு நகரில் இரண்டு அல்லது மூன்று இரவுகள் தங்குங்கள். அங்கிருந்து சிச்சேன் இட்சா ஏறக்குறைய 45 கிலோமீட்டர்தான். நகரின் நடுவிலேயே சாசி என்னும் செனோட்டே இருக்கிறது. 7 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சிற்றூரான ட்சித்னுப்பில் மேலும் இரண்டு உண்டு. கான்குனிலிருந்து வயதோலித்துக்குப் பேருந்தும் உண்டு. 2023 டிசம்பரில் ஓடத் தொடங்கிய மாயா ரயிலும் உண்டு. ஒன்றை மட்டும் கவனத்தில் வையுங்கள்: கான்குன் உள்ள மாநிலத்தின் கடிகாரம், வயதோலித்தும் சிச்சேன் இட்சாவும் உள்ள யுகட்டான் மாநிலத்தின் கடிகாரத்தைவிட ஒரு மணி நேரம் முந்தியது. திரும்பும் விமானத்தைத் தவறவிடாமல் இருக்க, இதை எங்காவது எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

சிச்சேன் இட்சாவுக்குக் காலை 8 மணிக்கு, கதவு திறக்கும்போதே போய்விடுங்கள். மத்திய அரசுக்கு ஒன்று, மாநில அரசுக்கு ஒன்று என இரண்டு சீட்டுகள் வாங்க வேண்டியிருக்கும். கையில் பெசோ ரொக்கமாக இருக்கட்டும். உள்ளூர் மக்களுக்கு ஞாயிற்றுக்கிழமை அனுமதி இலவசம் என்பதால் அன்று கூட்டம் மிகுதி. உள்ளே நுழைந்ததும் எதிரே நிற்பது குக்குல்கான் என்னும் இறகுப் பாம்புக் கடவுளின் கோயில். நான்கு பக்கமும் 91 படிகள், உச்சித் தளத்தையும் ஒரு படியாகச் சேர்த்தால் மொத்தம் 365. மார்ச்சிலும் செப்டம்பரிலும் பகலும் இரவும் சமமாகும் நாட்களை ஒட்டி, மாலை வெயிலில் படிக்கட்டுச் சுவரின் மேல் முக்கோண நிழல்கள் விழுந்து, கீழே உள்ள கல் பாம்புத்தலையோடு சேர்ந்து ஒரு பாம்பு இறங்கி வருவது போலத் தோன்றும். படிகளில் ஏற இப்போது அனுமதியில்லை. மீனாட்சியம்மன் கோயில் கோபுரத்தைத் தெருவிலிருந்து அண்ணாந்து பார்த்து வளர்ந்த நமக்கு அது பெரிய குறையாகத் தோன்றாது. படிக்கட்டின் எதிரே நின்று ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். படிகளில் பட்டுத் திரும்பும் எதிரொலி, ஒரு பறவை கீச்சிடுவது போல இழுத்துக் கேட்கும்.

அருகிலுள்ள பந்தாட்டக் களம் 168 மீட்டர் நீளமுள்ளது. அதைப் பார்த்துவிட்டுப் பலர் வாசலை நோக்கித் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் அப்படித் திரும்ப வேண்டாம். கோயிலிலிருந்து வடக்கே, மாயர்கள் 'வெண்பாதை' என்று அழைத்த, சுண்ணாம்பு பாவிய பழைய சாலை ஒன்று போகிறது. அது முடியுமிடத்தில் ஏறக்குறைய 60 மீட்டர் அகலத்தில், செங்குத்தான சுவர்களோடு, பச்சை நிற நீர் அசையாமல் கிடக்கும் புனிதச் செனோட்டே இருக்கிறது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எட்வர்ட் தாம்சன் என்ற அமெரிக்கர் இதைத் தூர்வாரியபோது பொன், பச்சைக்கல் அணிகள், மனித எலும்புகள் எல்லாம் கிடைத்தன. மழைக் கடவுளான சாக்குக்கு இங்கே காணிக்கை இட்டிருக்கிறார்கள். இதில் இறங்க அனுமதியில்லை. ஊர் குடிப்பதற்கு ஷ்டோலோக் என்ற வேறொரு கிணறு தெற்கே இருந்தது. குடிக்க ஒரு நீர், கும்பிட ஒரு நீர் என்று பிரித்து வைத்திருந்த அந்த ஒழுங்கு, ஊருணியையும் தெப்பக்குளத்தையும் வேறுவேறாக வைத்திருக்கும் நமக்கு உடனே புரியும். 2015-இல் மின்னோட்டத்தைக் கொண்டு நிலத்தை ஆராய்ந்த மெக்சிகோ அறிஞர்கள், குக்குல்கான் கோயிலின் அடியிலும் நீர் நிறைந்த குழி ஒன்று இருப்பதற்கான அடையாளத்தைக் கண்டார்கள். இதை மனத்தில் கொண்டு கோயிலை மறுபடி ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு வெளியே வாருங்கள்.

வெயில் ஏறிய பிறகு நீச்சலுக்குப் போகலாம். மிக அருகில் உள்ளது இக் கில் என்னும் செனோட்டே. தரைமட்டத்திலிருந்து ஏறக்குறைய 26 மீட்டர் ஆழத்தில் நீர் இருக்கிறது, கொடிகளும் வேர்களும் மேலிருந்து தொங்குகின்றன. பார்க்க அழகானது, ஆனால் பேருந்துகள் வந்து நிற்பதால் நெரிசல் மிகுந்தது. எனக்கு ட்சித்னுப்பில் உள்ள ஷ்கேகெனும் சமுலாவும்தான் பிடித்தவை. சமுலாவில் மேலே நிற்கும் ஆலமர இனத்து மரம் ஒன்றின் வேர்கள், குகைக் கூரையைத் துளைத்துக்கொண்டு விழுது போல நீரை நோக்கி இறங்குகின்றன.

நீரில் இறங்குமுன் குளித்தாக வேண்டும் என்பது எல்லா இடத்திலும் உள்ள விதி. அதன் கருத்தை நான் முதல் நாளிலேயே தெரிந்துகொண்டேன். காலையில் வழக்கம்போலத் தலைக்குத் தேங்காய் எண்ணெய் தடவியிருந்தேன். குளியல் பகுதியின் அருகே நின்ற மூதாட்டி, நான் குளித்துவிட்டு வந்ததும் என் தலையைச் சுட்டிக்காட்டித் தம் விரல் நுனிகளை ஒன்றோடொன்று தேய்த்துக் காட்டினார். திரும்பப் போய்ச் சோப்புப் போடாமலே நன்றாக அலசிவிட்டு வந்தேன்; மறுபடியும் திருப்பி அனுப்பினார். மூன்றாம் முறை வந்தபோது, கீழே இருக்கும் நீரைக் காட்டி, உள்ளங்கையைக் குவித்து வாயருகே கொண்டுபோனார். குடிக்கும் தண்ணீர் என்கிறார் என்று புரிந்தது. ஊருணியில் காலை நனைத்த பிள்ளைகளை அதட்டும் நம் பெரியவர்களின் முகம் அவரிடம் இருந்தது. அந்தக் குளத்து நீர் அங்கேயே தேங்குவதில்லை. சுரங்க வழிகளில் நகர்ந்து பல ஊர்களின் கிணறுகளைத் தொட்டு, கடைசியில் கடலில் கலக்கிறது. எனவே அன்று காலை தலைக்கு எண்ணெய் வேண்டாம்; வெயில் தடுப்புக் களிம்பும் கொசு விரட்டிக் களிம்பும் வேண்டாம். உடலை மூடும் நீள்கைச் சட்டையும் தொப்பியும் வெயிலுக்குப் போதும்.

பருத்தி உடைகள் நனைந்தால் கனத்து இழுக்கும். பெண்கள் சுடிதாரோடு இறங்காமல், செயற்கை இழையில் நெய்த, உடலோடு ஒட்டிய நீள்கைச் சட்டையும் காற்சட்டையும் அணிவது பாதுகாப்பானது. அவ்வாறு உடுத்துவதை யாரும் வேறாகப் பார்ப்பதில்லை. படிகள் எப்போதும் ஈரமாக இருக்கும், பாசியும் இருக்கும். நீரில் அணியும் ரப்பர் காலணி இல்லாமல் இறங்காதீர்கள்.

கிணற்றில் பழகியவர்கள் இங்கே ஒன்றிரண்டு பழக்கங்களை மாற்றிக்கொள்ள வேண்டும். மேட்டிலிருந்து தலைகீழாகப் பாய்வது அவற்றில் முதலாவது. கூரை இடிந்து விழுந்ததால் உண்டான குளம் என்பதால், அந்தப் பாறைகள் நீருக்கடியில் எங்கே குவிந்திருக்கின்றன என்று மேலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. குதிக்கவென்று அமைத்த மேடை இருந்தால் அங்கிருந்து மட்டும் கால் கீழாகக் குதிக்கலாம். இரண்டாவது, மிதவைச் சட்டையை மறுக்காதீர்கள். பல இடங்களில் அது கட்டாயம். கடல்நீரைப் போல இந்த நன்னீர் உடலைத் தாங்காது, பல குளங்களில் படியை விட்டதும் கால் ஊன்ற இடமே இருக்காது. நீர் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 25 டிகிரி வெப்பத்தில் இருக்கும். வெயிலிலிருந்து வந்து இறங்கும்போது குளிர்ச்சி மூச்சை அடைப்பது போலத் தோன்றும். படியில் உட்கார்ந்து கால், கை, கழுத்து என நனைத்துக்கொண்டு, மூச்சு சீரான பிறகு நீந்துங்கள்.

மூன்றாவதை நான் மிகுந்த அக்கறையோடு சொல்கிறேன். குகைச் சுவரில் நீருக்கடியில் இருண்ட வழிகள் தெரியும். முங்கிப் பார்க்கும் ஆசை வரும். போகாதீர்கள். நம் கிணற்றில் முங்கினால் மேலே எப்போதும் காற்று உண்டு. குகைக்குள் மேலே பாறைதான் இருக்கும். அடியில் உள்ள மெல்லிய வண்டல் ஒரு கால் அசைவில் கலங்கினால் வந்த வழி தெரியாது. துலூம் அருகே உள்ள சாக் அக்துன் என்ற நீருள் குகைத் தொடர், 2018-இல் பக்கத்துக் குகை ஒன்றோடு இணைவது உறுதியானபோது ஏறக்குறைய 347 கிலோமீட்டர் நீளமுள்ளதாக அறியப்பட்டது. தனிப் பயிற்சி பெற்று, வழிகாட்டும் கயிற்றை விடாமல் செல்லும் குகை முக்குளிப்பாளர்களுக்கு மட்டுமே உரிய இடம் அது. கூரையிலிருந்து தொங்கும் சுண்ணாம்புத் தொங்கல்களையும் தொடாதீர்கள். கையின் எண்ணெய்ப்பசை பட்ட இடத்தில் அவை வளர்வது தடைபடும்.

ஒரு நாள் மிச்சமிருந்தால் மெரிதாவுக்குத் தெற்கே 80 கிலோமீட்டரில் உள்ள உஷ்மலுக்குப் போய் வாருங்கள். அது செனோட்டே இல்லாத நகரம். நிலத்தடி நீர் மிக ஆழத்தில் இருந்ததால், பெய்யும் மழையைத் தரைக்கடியில் குடுவை வடிவில் வெட்டிச் சுண்ணாம்பு பூசிய தொட்டிகளில் சேர்த்து வாழ்ந்தார்கள். அங்கே மாளிகைச் சுவர்கள் எங்கும் வளைந்த மூக்கோடு சாக்கின் முகம் அடுக்கடுக்காகச் செதுக்கப்பட்டிருக்கிறது. கண்மாய் நிறையுமா என்று வானத்தைப் பார்த்தே விதைக்கும் நம் மக்கள், அந்தச் சுவர்களின் முன் சிறிது நேரம் நிற்பார்கள் என்று நம்புகிறேன்.

சைவ உணவு உண்பவர்கள் அவரையில்கூடப் பன்றிக் கொழுப்புச் சேர்ப்பார்கள் என்பதை அறிந்து, 'சின் கார்னே, சின் மந்தேகா' என்று கேட்டு வாங்க வேண்டும். இறைச்சியும் கொழுப்பும் இல்லாமல் என்று பொருள். சோள ரொட்டியும் வெண்ணெய்ப்பழமும் எங்கும் கிடைக்கும். நம் வீட்டுச் சப்போட்டா மரத்தின் பூர்விகம் அந்தப் பகுதிதான். கோயில் வாசல்களின் மேல் விட்டங்களை மாயர்கள் அதன் கட்டையால்தான் அமைத்தார்கள். இன்றும் இலட்சக்கணக்கானோர் மாயர் மொழியைப் பேசுகிறார்கள். 'தியோஸ் போஓதிக்' என்று அவர்கள் மொழியில் நன்றி சொன்னால் முகம் மலர்ந்துவிடும்.

ஷ்கேகெனுக்கு மட்டும் நேரம் பார்த்துப் போங்கள். அதன் கூரையில் ஒரே ஒரு சிறு துளைதான் உண்டு. உச்சிப்பொழுதை ஒட்டி வெயில் அதன் வழியே தூண் போல இறங்கி நீரைத் தொடும். பதினொன்றரைக்கே இறங்கி, கரையோரமாக மல்லாந்து மிதந்துகொண்டிருங்கள். கையையும் காலையும் அசைக்காமல் இருந்தால் நீர் தெளிந்து, வெளிச்சம் விழும் இடத்தில் சிறு மீன்கள் வந்து கூடுவது தெரியும்.