பிசாரோவின் பூத்த மரங்களை நகலெடுக்கும் முறை

பிரான்ஸில் போந்த்வாஸ் என்ற ஊரில் தன் வீட்டுப் பக்கமிருந்த காய்கறித் தோட்டத்தை ஓவியர் கமில் பிசாரோ 1877 வசந்தத்தில் வரைந்தார். முன்னால் பாத்திகள், நடுவே வெள்ளையாய்ப் பூத்து நிற்கும் பழமரங்கள், கிளைச் சந்துகளில் வீட்டுக் கூரைகள். அதே தோட்டத்தை அதே ஆண்டில் அவருடைய நண்பரான ஓவியர் செசானும் வரைந்திருக்கிறார். பிசாரோவின் படம் இப்போது பாரிஸ் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதை நான் நான்கு முறை நகலெடுத்தேன். மூன்றாவதில்தான் பூ பூவாக வந்தது.

மூலப் படம் ஏறக்குறைய 65க்கு 81 சென்டிமீட்டர். வீட்டில் வரைய 40க்கு 50 கேன்வாஸ் போதும், விகிதம் மாறாது. எண்ணெய் வண்ணங்களில் கறுப்பு டியூபை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். பிசாரோ தன் வண்ணத்தட்டின் மீதே ஒரு கிராமக் காட்சியை வரைந்திருக்கிறார். அமெரிக்காவின் கிளார்க் அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்தத் தட்டின் ஓரத்தில் அவர் பிதுக்கி வைத்த வண்ணங்கள் இன்னும் அப்படியே ஒட்டியிருக்கின்றன. வெள்ளை, மஞ்சள், சிவப்பு, ஊதா, நீலம், பச்சை, அவ்வளவுதான். நமக்கும் அவை போதும். மண்ணின் பழுப்பைச் சிவப்பும் பச்சையும் கலந்து எடுக்கலாம்.

டர்பன்டைனில் கரைத்த நீலத்தால் கூரைகளையும் அடிமரங்களையும் லேசாகக் கோடிடுங்கள். அப்புறம், மரமே இல்லாததுபோல் வானம், மேடு, கூரை எல்லாவற்றையும் முழுதாக வரைந்து முடியுங்கள். முதல் முறை நான் மரத்துக்கு இடம்விட்டுச் சுற்றிலும் நிரப்பினேன். வெட்டி ஒட்டிய காகிதம்போல் நின்றது. இரண்டாம் முறை அன்றைக்கே ஈர நீலத்தின் மேல் வெள்ளையை வைத்தேன். எல்லாம் குழைந்து சுண்ணாம்பாகிவிட்டது. எனவே நன்றாக உலர விடுங்கள். என் வீட்டில் ஐந்து நாள் ஆகிறது.

இனி பூ. டியூபிலிருந்து வெள்ளையைச் செய்தித்தாளில் பிதுக்கி ஒரு மணி நேரம் வையுங்கள். தாள் எண்ணெயை உறிஞ்சிவிடும், வண்ணம் கெட்டிப்படும். ஆனால் அந்த வெள்ளையை அப்படியே வைத்துத் தொடங்காதீர்கள். பூங்கொத்தின் நிழலுக்கு நீலமும் ஊதாவும் கலந்த சாம்பல், அதன்மேல் இளஞ்சிவப்பு ஏறிய வெள்ளை, கடைசியில் துளி மஞ்சள் சேர்ந்த வெள்ளை. வெயில் நேராக விழும் நுனியில் மட்டும் தூய வெள்ளை. அதுவும் ஏழெட்டுத் தொடல்தான். தேய்ந்த தட்டைப் பன்றிமயிர்த் தூரிகையால் ஒரு முறை வைத்து எடுங்கள், இழுக்க வேண்டாம். இரண்டு தொடலுக்கு ஒரு முறை துணியில் துடையுங்கள். இடையில் ஆறடி பின்னால் போய்ப் பாருங்கள். கிட்ட நின்று பார்த்தால் எப்போதும் போதாததுபோலவே தெரியும், கை கூடுதலாக வைத்துவிடும். கூரையின் நீலமும் சிவப்பும் எட்டிப் பார்க்கும் இடங்களை மூடிவிடாதீர்கள். அங்கேதான் மரத்துக்குள் காற்று ஓடுகிறது.

கிளைகளைக் கடைசியில் போடுங்கள். தொடர்ந்து நீளமாக வேண்டாம், பூ விலகிய இடங்களில் மட்டும் சிறுசிறு துண்டுகளாக. தடித்த வெள்ளை மேலே உலர்ந்ததுபோல் தோன்றினாலும் உள்ளே ஈரமாகவே இருக்கும். மூன்று வாரமாவது படத்தின் முகத்தில் எதுவும் சாயாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.