எறிகிற பிள்ளையின் முழங்கை நோ: நாங்கள் விடுகிற பிழைகள்

பன்னிரண்டு வயதுப் பெடியன், வலக்கைக்காரன், ஆனால் தேத்தண்ணிக் கோப்பையை இடக்கையால் எடுக்கிறான். "ஏன் தம்பி?" என்றால் "சும்மா சேர்" என்கிறான். இரண்டு கையையும் முன்னுக்கு நீட்டச் சொன்னேன். இடது நேரே நின்றது, வலது முழுக்க நிமிராமல் மடங்கியபடியே நின்றுவிட்டது. முந்தின சனி ஞாயிறு கிளிநொச்சிப் பக்கம் கிரிக்கெட் சுற்றுப்போட்டி, இரண்டு நாளில் ஐந்து மட்ச், கை பலமானவன் என்று எல்லா மட்சிலும் அவனைத்தான் தூரத்திலிருந்து எறிய எல்லைக்கோட்டில் விட்டிருக்கிறார்கள்.

இந்த நோவைப் பற்றி அதிகம் தெரிந்து வைத்திருப்பவர்கள் பேஸ்போல்காரர்கள். அமெரிக்காவில் இதற்கு, சின்னப் பிள்ளைகளின் பேஸ்போல் அமைப்பின் பேரில், 'லிட்டில் லீக் எல்போ' என்றே பேர். வன்னியில் பேஸ்போலைக் கண்ணால் கண்டவர்களே குறைவு, சரி, ஆனால் எல்லே (தடியால் பந்தடிக்கிற எங்கட நாட்டு விளையாட்டு), கிரிக்கெட், ஈட்டி என்று எங்கட பிள்ளைகளும் எறிகிறார்கள்தானே.

முதல் பிழை, சதைப்பிடிப்பு என்று விட்டுவிடுவது. வேகமாக எறியும்போது முழங்கையின் உள்பக்கம் இழுபடும், வெளிப்பக்கம் நெரிபடும். பெரியவர்களுக்கு அந்த இழுவை தசைநாரில் விழும். பிள்ளைகளுக்கு, ஏறத்தாழ 15, 16 வயது வரைக்கும், உள்பக்க எலும்புப் புடைப்பில் இன்னும் ஒட்டாத வளர்ச்சித் தட்டு (எலும்பு வளர்கிற குருத்துப் பகுதி) இருக்கிறது, அதுதான் அங்கே மெல்லிய இடம், இழுவை முழுக்க அதில்தான். அந்தப் புடைப்பை விரலால் அமத்தினால் பிள்ளை முகம் சுளிப்பான்.

அடுத்தது எண்ணெய் போட்டு உருவுவது. அம்மம்மாவின் கை நல்ல கைதான், பரியாரியாரையும் நான் குறை சொல்லவில்லை, ஆனால் இழுபட்டு நோகிற வளர்ச்சித் தட்டை இன்னும் இழுத்து உருவினால் என்ன சுகம் வரும்? துணியில் சுற்றிய ஐஸ் பதினைந்து நிமிடம் வைத்தால் போதும். பனடோல் போட்டு அடுத்த மட்சுக்கு இறக்குவது அதைவிட மோசம், நோ மறையும், காயம் அப்படியே கிடக்கும்.

எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றவுடன் சந்தோசப்படுகிறோமே, அதுவும் பிழைதான். இந்தக் காயத்தில் எக்ஸ்ரே சரியாகவே வரலாம், அதனால் நோகாத கையையும் எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பது உண்டு. டொக்டரிடம் "கை நோகுது" என்று மட்டும் சொல்லாமல், எத்தனை நாளாக, எந்தப் பக்கம், எவ்வளவு எறிந்தான் என்று சொல்லுங்கள். வெளிப்பக்கம் நொந்து கை இடையில் பூட்டுப் போட்டதுபோல் நின்றால், மூட்டுக்குள் குருத்தெலும்பு பழுதாகியிருக்கலாம். சின்னவிரலும் மோதிரவிரலும் விறைத்தால் நரம்பைப் பார்க்க வேண்டும். எறியும்போது 'டக்' என்று சத்தம் கேட்டு வீங்கினால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

வைத்தியம் பெரும்பாலும் ஒன்றுதான், எறியாமல் இருப்பது. வழக்கமாக நாலு முதல் ஆறு கிழமை. ஓடலாம், சைக்கிள் ஓடலாம். எங்களுக்குப் பொறுமையில்லாத இடம் இதுதான். இரண்டு கிழமையில் நோ போய்விடும், உடனே எல்லைக்கோட்டில் விடுவோம், திரும்ப வரும். கை முழுக்க நீண்டு, அமத்தினாலும் நோகாது என்றான பிறகு, கிட்ட நின்று மெதுவாக எறிந்து, கிழமைக்குக் கிழமை தூரத்தைக் கூட்ட வேண்டும்.

எண்ணாமல் விடுவதும் எங்கட பிழைதான். அமெரிக்காவில் 2014இல் வந்த 'பிட்ச் ஸ்மார்ட்' வழிகாட்டலின்படி 11, 12 வயதுப் பிள்ளை ஒரு நாளில் 85 பந்துக்கு மேல் எறியக்கூடாது, 66ஐத் தாண்டினால் நாலு நாள் ஓய்வு. 2006இல் வந்த ஓர் ஆய்வில், கை களைத்த பிறகும் வழக்கமாக எறிந்த இளைஞர்களுக்கு அறுவைச் சிகிச்சைவரை போகும் ஆபத்து 36 மடங்கு. இது பேஸ்போல் கணக்கு, எல்லேக்கு அப்படியே பொருந்தாது, ஆனால் களைத்த கை எந்த மைதானத்திலும் களைத்த கைதான். நாங்கள் ஓட்டத்தை எண்ணுகிறோம், ஓவரை எண்ணுகிறோம், ஒரு பிள்ளை எத்தனை தரம் எறிந்தான் என்று எழுதி வைத்த கொப்பியை நான் கண்டதில்லை.

அந்தப் பெடியனுக்கு இப்போது மூன்றாம் கிழமை, ஸ்கோர் கொப்பி அவன் கையில். நேற்று மெதுவாகக் கிட்ட வந்தான். "சேர், இடக்கையால எறியலாம்தானே?"