கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்பில் போரானைச் சேர்ப்பது எப்படி: இரிடியம் வினையூக்கியுடன் முதல் பயிற்சி

1,3-டைகுளோரோபென்சீனில் வழக்கமான எலக்ட்ரான்கவர் பதிலீட்டு வினைகள் குளோரினுக்கு ஆர்த்தோ (அடுத்த), பாரா (நேரெதிர்) இடங்களையே நாடுவதால், இரண்டு குளோரினுக்கும் மெட்டாவாக (ஒன்று விட்டு அடுத்ததாக) இருக்கும் 5-ஆம் இடம் தொடப்படாமலே நின்றுவிடும். இஷியாமா, மியாவுரா, ஹார்ட்விக் ஆகியோர் 2002-இல் வெளியிட்ட இரிடியம் முறை சரியாக அந்த இடத்தில்தான் போரானைச் சேர்க்கிறது. அறை வெப்பநிலையிலேயே இது நடப்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

முதல் படி, சேர்மத்தைத் தேர்வதே. இரிடியத்தைச் சுற்றிப் பருமனான மூன்று போரைல் (போரான் கொண்ட) தொகுதிகள் இருப்பதால், அது பதிலிகளுக்கு (வளையத்தில் ஹைட்ரஜனுக்குப் பதிலாக உள்ள அணு அல்லது தொகுதிகளுக்கு) அருகிலுள்ள ஹைட்ரஜனை நெருங்க முடிவதில்லை. இடத்தைத் தீர்மானிப்பது இந்தக் கொள்ளிடத் தடைதான் (பருமன் வழியை மறைப்பது). டொலுயீனில் மெட்டா, பாரா கலவையே கிடைக்கும் என்பதால், தொடக்கநிலையினர் 1,3-இடங்களில் பதிலியுள்ள வளையத்தை எடுப்பது நல்லது.

அடுத்தது எடைபோடுதல். 294 மில்லிகிராம் (2 மில்லிமோல்) டைகுளோரோபென்சீனுக்கு 305 மில்லிகிராம் பிஸ்(பினகொலாட்டோ)டைபோரான், 20 மில்லிகிராம் மெத்தாக்ஸி(சைக்ளோஆக்டாடையீன்)இரிடியம் இருபடி, 16 மில்லிகிராம் டை-டெர்ட்-பியூட்டைல்பைபிரிடின், 6 மில்லிலிட்டர் உலர்ந்த ஹெக்சேன் போதும். டைபோரானின் இரண்டு போரான்களும் பயன்படுவதால் சம மோல் தேவையில்லை.

சேர்க்கும் வரிசையில்தான் பலர் கவனம் தவறுகிறார்கள். ஆர்கான் நிரப்பிய குடுவையில் இரிடியம் இருபடியையும் டைபோரானையும் ஹெக்சேனில் முதலில் கலந்து, அதன்பின் பைபிரிடின் ஈனியை (உலோகத்துடன் பிணையும் மூலக்கூறை) சேர்த்தால், வெளிர்மஞ்சள் கரைசல் கருமையாக மாறுவதைக் கண்ணால் காணலாம். செயல்திறன் கொண்ட வினையூக்கி உருவாவதற்கு அதுவே அடையாளம். பிறகுதான் டைகுளோரோபென்சீனைச் சேர்க்க வேண்டும். ஹைட்ரஜன் வாயு வெளியேறும் என்பதால் குடுவையை இறுக மூடிவிடாமல், புகைபோக்கிப் பெட்டிக்குள், குமிழிக் குழாயுடன் இணைத்து, அனுபவமுள்ளவரின் மேற்பார்வையில் வையுங்கள்.

டைகுளோரோபென்சீன் தீர்ந்ததை வாயு நிறப்பிரிகையில் உறுதிசெய்து, கரைப்பானை நீக்கி, சிலிக்கா நிரலில் தூய்மைப்படுத்தலாம். புரோட்டான் என்எம்ஆரில் (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வில்) 1.3 பிபிஎம் அருகே 12 ஹைட்ரஜன்களின் ஒற்றைக் கோடும், அரோமாட்டிக் பகுதியில் 2:1 விகிதத்தில் இரு குறிகளும் மட்டும் தெரிந்தால், போரான் 5-ஆம் இடத்தில் அமர்ந்திருப்பதற்கு அது பொருந்துகிறது.

கார்பன்-குளோரின் பிணைப்புகள் இரண்டும் அப்படியே எஞ்சியிருப்பது இம்முறையின் பெரும் பயன். விளைபொருளை ஆக்ஸோன் என்ற ஆக்சிஜனேற்றி கொண்டு ஆக்சிஜனேற்றினால், மற்ற வழிகளில் எளிதில் கிட்டாத 3,5-டைகுளோரோஃபீனால் கிடைக்கும்.