விசுவாசத்தை அளவுகோல் ஆக்காதீர்கள்: சபை ஐக்கியத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"விசுவாசத்தை விட்டுடாதீங்க அண்ணே. விசுவாசம் இருந்தா கர்த்தர் கண்டிப்பா சுகம் தருவார்."

எங்கள் ஜெபக்குழுவில் ஒருவரிடம் நான் சொன்ன வார்த்தைகள் இவை. அவருடைய மனைவிக்குப் புற்றுநோய். நான் சொன்னதை ஆறுதல் என்றே நினைத்தேன். ஐந்து மாதத்தில் அந்த அக்கா இறந்துபோனார். அடக்கத்துக்குப் பிறகு அண்ணன் ஆராதனைக்கு வரவில்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, எதிரே நின்றபடியே கேட்டார்: "யாரோட விசுவாசம் குறைஞ்சு போச்சு தம்பி? அவளோடதா, என்னோடதா?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. சபையைக் கட்டுவது விசுவாசம் என்று எப்போதும் சொல்கிறோம். அது உண்மைதான். ஆனால் அதே விசுவாசத்தைச் சொல்லியே ஒரு ஆளை வாசலுக்கு வெளியே அனுப்பிவிடவும் முடியும் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. அதற்குப் பிறகு வேதத்தை வேறு கண்ணோடு வாசிக்க ஆரம்பித்தேன்.

ஆளுக்கு ஆள் அளந்து பார்ப்பது

மாற்கு 2-ம் அதிகாரத்தில் கப்பர்நகூமில் நடந்ததை எல்லாரும் கேட்டிருப்போம். ஒரு திமிர்வாதக்காரரை, அதாவது உடல் முடங்கிப்போனவரை, நான்கு பேர் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். கூட்டத்தில் நுழைய வழியில்லை. மேலே ஏறிக் கூரையைப் பிரித்துப் படுக்கையோடு இறக்குகிறார்கள். இயேசு "அவர்கள் விசுவாசத்தை" கண்டார் என்று எழுதியிருக்கிறது. படுக்கையில் கிடந்தவர் ஒரு வார்த்தை பேசியதாகக்கூட அங்கே இல்லை. அவருக்கு எவ்வளவு விசுவாசம் இருந்தது என்று யாரும் விசாரிக்கவும் இல்லை. தூக்கி வந்தவர்களின் விசுவாசம் அவருக்கும் சேர்த்துக் கணக்கில் வந்தது.

நாமோ இதைத் தலைகீழாகச் செய்கிறோம். நடக்க முடியாதவரைப் பார்த்து, நீயே எழுந்து வா, வந்தால்தான் உனக்கு விசுவாசம் இருக்கிறது என்கிறோம்.

பவுல் அப்படிச் சொல்லவில்லை. தன்னோடு ஊழியத்தில் பயணம் செய்த துரோப்பீமுவை மிலேத்து பட்டணத்தில் வியாதியோடு விட்டுவந்ததாக எழுதுகிறார் (2 தீமோத்தேயு 4:20). அவனுக்கு விசுவாசம் போதவில்லை என்று ஒரு வரி சேர்க்கவில்லை. அடிக்கடி உடம்புக்கு முடியாமல் போன தீமோத்தேயுவுக்குக் கொஞ்சம் திராட்சரசம் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். தன் மாம்சத்திலிருந்த முள் என்று அவர் சொல்லும் உபாதைக்காக அவரே மூன்று தரம் வேண்டிக்கொண்டும் அது நீங்கவில்லை. இத்தனையும் வாசித்துவிட்டு, நோயாளியின் கட்டில் பக்கத்தில் நின்று அவருடைய விசுவாசத்தை எடைபோட நமக்கு எப்படி மனம் வருகிறது?

அதற்குப் பதிலாக என்ன சொல்லலாம்? "அடுத்த சிகிச்சை என்னைக்கு? கூட நான் வர்றேன்." இது போதும். ஜெபத்தையும் விட வேண்டாம், அவர் பக்கத்தில் உட்கார்ந்தே ஜெபிக்கலாம்.

சந்தேகத்தை ஒளித்துவைக்கப் பழக்குவது

சாட்சி சொல்லும் நேரத்தில் ஜெயித்த கதைகளை மட்டுமே கேட்கிற சபையில், தோற்றவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். தோமாவை நாம் சந்தேகப்பட்டவராகவே ஞாபகம் வைத்திருக்கிறோம். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. உயிர்த்தெழுந்த இயேசுவைக் கண்டாலொழிய நம்பமாட்டேன் என்று அவர் சொல்லி எட்டு நாள் கழித்தும், அதே வீட்டில் மற்ற சீஷர்களோடுதான் இருக்கிறார். அவரும் விலகிப் போகவில்லை, அவர்களும் வெளியே போகச் சொல்லவில்லை. அங்கே இருந்ததால்தான் இயேசு வந்தபோது அவரும் பார்த்தார். விசுவாசத்தில் பலவீனமாக இருப்பவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று ரோமர் 14 தொடங்குவதும் இதற்காகத்தான்.

பந்தி விசாரிப்பைச் சின்ன வேலை என்று நினைப்பது

ஜெபம், உபவாசம், வசனம் இவைதான் விசுவாசத்தின் வேலை. கணக்கு, நாற்காலி, உதவிப் பட்டியல் எல்லாம் வெறும் நிர்வாகம் என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. அப்போஸ்தலர் 6-ம் அதிகாரம் இதற்கு இடம் கொடுக்கவில்லை. அன்றாட விசாரிப்பில், அதாவது தினமும் உணவு பகிர்ந்து கொடுப்பதில், தங்கள் விதவைகள் கவனிக்கப்படவில்லை என்று கிரேக்க மொழி பேசிய யூத விசுவாசிகள் முறுமுறுத்தார்கள். அப்போஸ்தலர்கள் அவர்களைப் பார்த்து, முறுமுறுக்காதீர்கள், ஆவிக்குரியவர்களாக இருங்கள் என்று வாயடைக்கவில்லை. நற்சாட்சி பெற்ற ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா என்று ஏழும் கிரேக்கப் பெயர்கள். யாருக்குக் குறை இருந்ததோ அவர்கள் மொழிக்காரர்களின் கையிலேயே பொறுப்பு போயிருக்க வேண்டும் என்று படுகிறது. விசுவாசம் நிறைந்தவன் என்று அங்கே சொல்லப்படுகிற ஸ்தேவானை எந்த வேலைக்கு எடுத்தார்கள் என்பதையும் பாருங்கள்: பந்தி விசாரிக்க.

எனவே காணிக்கையை இரண்டு பேராக எண்ணுவதும், கணக்கைச் சபைக்கு முன் வாசிப்பதும், உதவி யாருக்குப் போகிறது, யாருக்கு விட்டுப்போகிறது என்று பார்ப்பதும் விசுவாசக் குறைவு ஆகாது. "கர்த்தருடைய பணத்துக்குக் கணக்குக் கேட்கலாமா" என்று யாராவது கேட்டால் அங்கேதான் கூடுதலாகக் கேட்க வேண்டும்.

ஜெபக் குறிப்பு என்ற பெயரில் ஊர்ப்பேச்சு

"ஜெபிக்கத்தான் சொல்றேன்" என்று தொடங்கி அடுத்தவர் வீட்டுச் சண்டை முழுவதும் வெளியே வந்துவிடும். சொன்னவர் மனதில் கெட்ட எண்ணம்கூட இருந்திருக்காது. ஆனால் அந்தக் குடும்பம் அடுத்த வாரம் உள்ளே நுழையும்போது பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.

நாஜி ஆட்சிக் காலத்தில் டீட்ரிக் போன்ஹோஃபர் என்ற ஜெர்மன் போதகர் ஜெர்மனியின் ஃபிங்கன்வால்டேயில் இளம் போதகர்களுக்கு ஒரு பயிற்சிப் பள்ளி நடத்தினார். 1935-ல் தொடங்கியதை 1937-ல் நாஜிகளின் ரகசியப் போலீசான கெஸ்டபோ மூடியது. வெளியே அவ்வளவு ஆபத்து இருந்த அந்த இடத்தில் அவர் வைத்த ஒரு விதி: ஒரு சகோதரரைப் பற்றி அவர் இல்லாத இடத்தில் பேசக் கூடாது, பேசிவிட்டால் அவரிடமே போய்ச் சொல்லிவிட வேண்டும். கேட்க எளிது. ஒரு வாரம் கடைப்பிடித்துப் பாருங்கள், எத்தனை தடவை நாக்கைக் கடித்துக்கொள்கிறோம் என்று தெரியும். சம்பந்தப்பட்டவரிடம் கேட்காமல் யாருடைய பெயரையும் ஜெபக் குறிப்பில் சேர்ப்பதில்லை என்று எங்கள் குழுவில் இப்போது வைத்திருக்கிறோம்.

மன்னிப்பைச் சொல்லி வாயை மூடுவது

விசுவாசிகளுக்குள் சண்டையே வராது என்று எதிர்பார்ப்பது ஒரு தவறு. உடன் ஊழியரான மாற்கை அழைத்துப்போவதா வேண்டாமா என்று பவுலும் அவரோடு ஊழியம் செய்த பர்னபாவும் கடுமையாக மோதிப் பிரிந்தே போனார்கள். வருஷங்கள் கழித்து அதே பவுல், மாற்கை அழைத்துக்கொண்டு வா, அவன் ஊழியத்தில் எனக்குப் பிரயோஜனமானவன் என்று எழுதுகிறார். அந்த மாதிரி மனத்தாங்கல்களுக்குக் காலம் கொடுக்கலாம்.

ஆனால் அடி, மிரட்டல், பிள்ளைகளிடம் தகாத நடத்தை, பண மோசடி இவை மனத்தாங்கல் அல்ல, குற்றங்கள். பாதிக்கப்பட்டவரிடம் "மன்னிச்சிடு, சபை பேர் கெட்டுடும்" என்று சொல்வது விசுவாசம் அல்ல. முதலில் அவருக்குப் பாதுகாப்பு வேண்டும், அப்புறம் போலீசில் புகார். செய்தவர் போதகராகவே இருந்தாலும் சரி.

அந்த அண்ணனிடம் கடைசியில் நான் மன்னிப்புக் கேட்டேன். அப்புறம் எதுவும் விளக்கவில்லை. ஜெபக்குழுவில் இரண்டு பேர் மாறி மாறி மாலையில் அவர் வீட்டுக்குப் போய் வந்தோம். சில நாள் பேசுவார், சில நாள் சும்மா உட்கார்ந்திருப்பார். ஏழெட்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். பாட்டு தொடங்கியது. எழுந்து நின்றார், ஆனால் பாடவில்லை. இன்றும் சில பாடல்களுக்கு அவர் வாய் திறப்பதில்லை. பக்கத்தில் நிற்கும் நாங்கள் பாடுகிறோம்.